மலேசியாவில் செய்த டர்ன்டேபிளில் தோக்கியோ ஹவுஸ்

ஹவுஸ் இசைக்கு ஒரு டர்ன்டேபிளைச் சோதித்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது ‘சவுண்ட்ஸ் ஃப்ரம் த ஃபார் ஈஸ்ட்’. தோக்கியோ இசைக்கலைஞர் சோய்ச்சி தெராடாவும் அவருடைய நண்பர் ஷினிச்சிரோ யோகோத்தாவும் 1990களில் தெராடாவின் சொந்த லேபிளில் வெளியிட்ட பாடல்களை டி.ஜே. ஹுனி தேர்ந்தெடுக்க, 2015இல் ஆம்ஸ்டர்டாமின் ‘ரஷ் அவர்’ நிறுவனம் தட்டாகக் கொண்டுவந்த தொகுப்பு இது. பிள்ளைகள் விளையாடிய ‘ஏப் எஸ்கேப்’ பிளேஸ்டேஷன் விளையாட்டுக்கு இசையமைத்தவரும் இதே தெராடாதான்.

டர்ன்டேபிள், டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே7. 1972இல் தொடங்கிய வரிசை. 2010இல் நின்று, 2016இல் விலையுயர்ந்த மாடலாகத் திரும்பியது. டி.ஜே.க்களுக்கான எம்கே7, 2019இல் வந்தது. ஜப்பானியப் பெயர் தாங்கினாலும் தயாரிப்பு நம் மலேசியா. ஜொகூர்பாருவில் உட்கார்ந்து அதில் தோக்கியோ இசையைக் கேட்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

இதன் உயிர் மோட்டாரில் இருக்கிறது. தட்டை நேரடியாகச் சுழற்றும் சாதாரண மோட்டாரில் இரும்புக் கரு காந்தத்தால் ஈர்க்கப்பட்டு, சுழற்சி மிக நுட்பமாகத் தயங்கும். இதில் அந்தக் கருவே இல்லை. பலன், தெராடாவின் நீண்ட சின்தசைசர் சுரக்கூட்டுகளில் தெரிகிறது: சுருதி அசையவே இல்லை. யோகோத்தாவின் ‘டூ இட் அகெய்ன்’ தொடங்கியதும் பேஸ் அறையை நிறைக்கிறது, ஆனால் மற்ற ஒலிகளை அமுக்குவதில்லை. 0.7 வினாடியில் முழு வேகம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் கட்டுப்பாடு ±8 சதவிகிதம். அதாவது நிமிடத்துக்கு 120 தாள அடி (பிபிஎம்) உள்ள பாடலைச் சுமார் 110 முதல் 130 வரை கொண்டுபோகலாம். பொத்தானை அழுத்தினால் ±16. இரண்டு பாடல்களைக் கோக்க இது தாராளம்.

இதே டர்ன்டேபிளில் ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தின் தட்டையும் போட்டுப் பார்த்தேன். தெராடாவுக்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னையில் இளையராஜா கணினியைத் தாளம் போட வைத்திருக்கிறார். அந்த இயந்திரத் தாளம் இவ்வளவு கூர்மையாக ஒலித்ததை நான் கேட்டதில்லை. ஹவுஸ் பிடிக்காதவர்களும் இதற்காகவே இந்த டர்ன்டேபிளை வாங்கலாம்.

குறைகளும் உண்டு. ஊசி தாங்கும் கார்ட்ரிட்ஜைத் தனியாக வாங்க வேண்டும். ஊசி தரும் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கும் ஃபோனோ ஆம்பும் உள்ளே இல்லை. ஃபோனோ உள்ளீடு இல்லாத ஆம்பிளிஃபயர் வைத்திருப்பவர் அதற்கும் சேர்த்துச் செலவைக் கணக்கிடவேண்டும். பாட்டு மட்டும் கேட்பவருக்கு இதிலுள்ள பின்னோக்கிச் சுழலும் வசதி தேவையே இல்லை.

பழைய 78 வேகத் தட்டுகள் வீட்டில் இருந்தால், 33, 45 பொத்தான்களைச் சேர்த்து அழுத்துங்கள், வேகம் கிடைக்கும். ஆனால் எல்பி ஊசியால் அவற்றை ஓட்டக்கூடாது. பள்ளம் அகலம், அதற்கென்றே தடித்த ஊசி வேண்டும். எந்தத் தட்டானாலும், நம் ஊர் ஈரத்தில் அதன் அட்டையுறையில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். தட்டுகளை நிமிர்த்தி அடுக்கி, காற்று படும்படி சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள்.