கம்பிக்கு ஊரடங்கு இல்லை

2020 மார்ச் 25 அன்று இந்தியாவில் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. அதே தேதியிட்ட கடிதத்தில் இங்கிலாந்தின் தலைமைப் பல் மருத்துவ அலுவலர் சாரா ஹர்லி, அவசரமல்லாத பல் மருத்துவம் முழுவதையும் நிறுத்தி ஒத்திவைக்கச் சொன்னார். பல் சீரமைப்பு அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தது. அங்கே கதவு மறுபடி திறந்தது ஜூன் 8 அன்று. இடையில் 75 நாள். இங்கே நான்கு கட்ட ஊரடங்கும் சேர்ந்து 68 நாள்.

நிறுத்தம் என்ற சொல் பல் மருத்துவத்தின் மற்றப் பிரிவுகளுக்குப் பொருந்தும். அடைக்காத பல்லை அடைப்பது தள்ளிப்போகும். கட்டாத பல்லைக் கட்டுவது தள்ளிப்போகும். கிளிப் போட்ட வாயில் சிகிச்சை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. மருத்துவமனையைப் பூட்டினாலும் கம்பி வேலை செய்யும். ஆகவே அந்த நாள்களில் பலரும் சொன்ன ‘சிகிச்சை தொடர்கிறது’ என்ற வாக்கியத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். பல் திட்டப்படி நகர்வதும் தொடர்தல் எனப்பட்டது. வந்த இடத்தில் பல் நிற்பதும் தொடர்தல் எனப்பட்டது. மருத்துவரும் நோயாளியும் தொலைபேசியில் பேசிக்கொள்வதும் தொடர்தல் எனப்பட்டது. இவற்றை ஒரே சொல்லில் அடக்கியதுதான் அந்தக் காலத்தின் முதல் கருத்துப்பிழை. என் அளவுகோல் வேறு வரிசையில் அமைகிறது: கேடு நேராமல் காத்தார்களா, ஈட்டியதை இழக்காமல் வைத்தார்களா, அதற்குப் பிறகே முன்னேற்றம் உண்டா.

இந்த அளவுகோலுக்கு அடிப்படை எலும்பில் இருக்கிறது. கம்பி அழுத்தம் தருகிறது. வேருக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள நார்த்திசு அதை உணர்கிறது. ஒரு பக்கம் எலும்பு கரைகிறது, மறுபக்கம் புதிதாகப் படிகிறது. இந்தச் சுழற்சிக்குச் சில வாரங்கள் வேண்டும். மூன்று வாரத்துக்குள் மறுபடி முடுக்கக் கூடாது, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை போதும் என்பது பாடநூல் மரபு. மூன்று வாரம் என்பது கீழெல்லை. மேலெல்லையைப் பாடநூல் அதே உறுதியோடு வகுப்பதில்லை. எலும்பு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பொறுக்கும். வாயில் இருக்கும் கருவி எவ்வளவு நாள் ஒழுங்காக நடந்துகொள்ளும் என்பதே கேள்வி. மாதம் ஒரு முறை என்ற வழக்கம் வேரூன்றியிருந்த துறையில் இந்தக் கேள்வியை அதுவரை யாரும் நெருக்கிக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கருவிகள் இரு குணத்தன. சில தாமாகவே அடங்கும். ரப்பர் சங்கிலி மாட்டிய முதல் நாளிலேயே தன் விசையில் பாதிக்கு மேல் இழக்கிறது. சில வாரங்களில் அது பற்களைத் தாங்கி நிற்கும் கயிறு, அவ்வளவுதான். வரிசைப்படுத்தும் கட்டத்தில் போடும் மெல்லிய நிக்கல்-டைட்டானியக் கம்பி தன் பழைய வளைவுக்குத் திரும்பியதும் ஓய்கிறது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த அந்த உலோகத்தை 1970களில் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் பல் சீரமைப்புக்குக் கொண்டுவந்தபோது, மென்மையாக, நீண்ட நாள் இழுக்கும் என்பதே அதன் பெருமையாக இருந்தது. பல்லில் ஒட்டிய பிராக்கெட்டின் பள்ளத்தை நிறைத்து நிற்கும் கனத்த எஃகுக் கம்பியோ பெரும்பாலும் காவலாள்தான். இந்த நிலைகளில் இருந்த நோயாளிக்கு 75 நாள் என்பது காலதாமதம், கேடு அன்று.

மற்றவை அடங்காதவை. இடைவெளியை மூட மாட்டிய நிக்கல்-டைட்டானியச் சுருள்வில், மூட வேண்டிய அளவு மூடிய பிறகும் இழுக்கும். ஆழ்கடியைத் திறப்பதற்காக எதிர்வளைவு கொடுத்த கம்பி, கடி சரியான புள்ளியைத் தாண்டியும் திறந்துகொண்டே போகும். மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே நோயாளியே மாட்டிக்கொள்ளும் ரப்பர், கண்காணிப்பு இல்லாவிட்டால் கீழ்வரிசையை மேல்வரிசைக்கு முன்னால் கொண்டுவந்துவிடக்கூடும். மேல்தாடையை அகலப்படுத்த அண்ணத்தில் பொருத்தும் திருகு இன்னொரு வகை: ஒரு திருப்பலுக்குப் பொதுவாகக் கால் மில்லிமீட்டர். சாவி வீட்டில் இருக்கிறது, திருப்புவது அம்மா, நிறுத்தச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். திருகையும் ரப்பரையும் ஒரு தொலைபேசி அழைப்பில் நிறுத்திவிடலாம். சுருள்வில்லையும் எதிர்வளைவுக் கம்பியையும் எந்த அழைப்பாலும் கழற்ற முடியாது.

இதிலிருந்து பெருந்தொற்றுக் காலப் பல் சீரமைப்பின் தரத்தை அளக்க ஒரு கேள்வி கிடைக்கிறது. பூட்டுவதற்கு முன்போ, பூட்டிய முதல் வாரத்திலோ, தன் நோயாளிகளில் யார் வாயில் அடங்காத கருவி இருக்கிறது என்று ஒரு மருத்துவர் பட்டியல் எடுத்தாரா? நோயாளிக் குறிப்பேடுகளைப் புரட்டினால் ஒரு நாளில் முடியும் வேலை. எடுத்தவர் சிகிச்சையைத் தொடர்ந்தார் என்று ஐயமின்றிச் சொல்லலாம், அவர் அந்த இரண்டரை மாதத்தில் ஒரு கம்பியைக்கூட மாற்றாமலிருந்தாலும். எல்லாருக்கும் ஒரே வாட்ஸ்ஆப் செய்தியை அனுப்பியவர், எவ்வளவு கனிவாக எழுதியிருந்தாலும், அறிவிப்புதான் செய்தார்.

அதிகாரப்பூர்வ ஆவணங்களும் இந்தச் சோதனையில் பாதிதான் தேறுகின்றன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் மார்ச் 16 அன்று, அவசரமல்லாத பணிகளை மூன்று வாரம் தள்ளிவைக்கக் கேட்டுக்கொண்டது. பின்னர் எது அவசரம் என்று பட்டியலும் தந்தது. கன்னத்தின் உட்புறத்தைக் குத்திப் புண்ணாக்கும் கம்பியை வெட்டுவது அதில் உடனடிச் சிகிச்சை. வலி, தொற்று, காயம் போன்றவை இல்லாத ஏனைய பல் சீரமைப்பு வேலைகள் ஒத்திவைக்கத் தக்கவை. இந்தப் பட்டியலின் சிறப்பு தெளிவு. வரவேற்பில் இருப்பவரே தொலைபேசியில் கேட்டு வகை பிரிக்கலாம். குறையும் அந்தத் தெளிவிலிருந்தே வருகிறது: அது நோயாளியின் முறையீட்டைக் கேட்கிறது, அவர் வாயிலிருக்கும் கருவியைக் கேட்பதில்லை. எதிர்வளைவுக் கம்பி அளவைத் தாண்டும்போது யாருக்கும் வலிக்காது. முறையிட ஏதுமில்லாத அந்த நோயாளி பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்.

இந்தியச் சுகாதார அமைச்சகத்தின் பல் மருத்துவ வழிகாட்டுதல் மே 19 அன்று, ஊரடங்கின் 56ஆம் நாளில் வந்தது. கட்டுப்படுத்தப்பட்ட பகுதியில் மருத்துவமனை மூடல், தொலைபேசி ஆலோசனை மட்டும். சிவப்பு மண்டலத்தில் அவசரச் சிகிச்சை. ஆரஞ்சு, பச்சை மண்டலங்களில் ஆலோசனைக்கு இசைவு, ஆனால் சிகிச்சை என்று வந்தால் அவசரமும் உடனடித் தேவையும் மட்டுமே. தொற்றின் நிலைக்கேற்ப ஊரைப் பிரித்தது நேர்மையான முறை. ஒரே ஆணையை எல்லா மாவட்டத்துக்கும் விதிப்பதைவிட மேலானது. தொடங்கிய சிகிச்சையையும் தொடங்காத சிகிச்சையையும் அது பிரித்துப் பார்க்கவில்லை என்பது என் எதிர்ப்பு. கிளிப் போட வந்தவரும் கிளிப்போடு இருந்தவரும் அதன் பார்வையில் ஒன்றே.

தொலைபேசி ஆலோசனைக்கு இருந்த சட்டக் கூரையும் ஒழுகியது. மார்ச் 25 தேதியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல், பதிவு பெற்ற மருத்துவர் என்பதை 1956ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழுமச் சட்டத்தைக் கொண்டு வரையறுத்தது. பல் மருத்துவர்கள் அப்போது பதிவாகியிருந்தது 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்தில். எழுத்தின்படி பார்த்தால், வாட்ஸ்ஆப்பில் படம் பார்த்து அறிவுரை சொன்ன பல் மருத்துவர் அந்த ஆவணத்துக்குள் இல்லை. ஊரடங்கில் ஒரு துறை முழுவதும் நம்பியிருந்த வழிக்கு இவ்வளவு பலவீனமான வரையறை இருந்தது சிறிய குறையல்ல.

நிறுத்தத்துக்குப் பரவலாகச் சொல்லப்பட்ட காரணத்தையும் எடைபோட வேண்டும். பல்லைக் குடையும் அதிவேகக் கருவி நீரையும் எச்சிலையும் நுண்துகளாகக் காற்றில் கலக்கிறது; அதனால் பல் மருத்துவம் ஆபத்தானது என்றார்கள். உண்மை. ஆனால் கம்பி மாற்றுவதும் ரப்பர் மாற்றுவதும் இடுக்கி வேலை. அதில் அந்தக் கருவிக்கு இடமில்லை. துகள் எழுவது பிராக்கெட் ஒட்டும்போது அமிலத்தை நீர் பீய்ச்சிக் கழுவுகையிலும், சிகிச்சை முடிவில் பசையைச் சுரண்டுகையிலும்தான். துகளை மட்டும் காரணமாகக் கொண்டால் பல் சீரமைப்பில் பெரும்பகுதியை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. ஆயினும் நிறுத்தியது சரி என்றே நான் கருதுகிறேன், வேறு காரணத்துக்காக: முகக்கவசமும் கையுறையும் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கே போதாத மார்ச்சில், மாதந்தோறும் நிறையும் காத்திருப்பு அறைக்கும், அங்கே வர ஏற வேண்டிய பேருந்துக்கும் நியாயம் சொல்ல முடியாது. முடிவு சரி, காரணம் பிழை என்ற நிலை பின்னால் விலை கேட்டது. துகள் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் எது எழுப்பும், எது எழுப்பாது என்ற வேறுபாடு மறைந்ததால், கட்டுப்பாடு தளர்ந்தபோது எதை முதலில் தொடங்கலாம் என்பதும் மங்கலாகவே இருந்தது.

இனி வீட்டுக்குள் நடந்தது. பிரிட்டிஷ் பல் சீரமைப்புச் சங்கத்தின் அறிவுரை, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைச் சுத்தம் செய்த நகவெட்டியால் நறுக்கவும், குத்தும் இடத்தில் மெழுகு ஒட்டவும் நோயாளிக்கே கற்றுக்கொடுத்தது. சாதாரணக் காலத்தில் இதைத் துறை கேட்டிருந்தால் அதிர்ந்திருக்கும். நான் இதை அந்தக் காலத்தின் மிகத் திருத்தமான எழுத்தாகக் கருதுகிறேன்: செய்யக்கூடியதைச் சொல்கிறது, எல்லையைச் சொல்கிறது, முன்னேற்றம் என்று எதையும் வாக்களிக்கவில்லை.

படம் அனுப்பும் முறையைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். என் அண்ணன் மகளுக்கு அப்போது 14 வயது. அண்ணி ஒரு கையில் கைபேசி விளக்கைப் பிடிக்க, அவள் இரண்டு கரண்டியால் கன்னத்தை இழுத்துக்கொள்ள, நான்கு படங்கள் போயின. ‘ஒரு பிராக்கெட் கழன்றிருக்கு, குத்தலைன்னா அப்படியே விட்டுடுங்க’ என்று பதில் வந்தது. படம் காட்டியதைப் பொறுத்தவரை அது சரியான பதில். படம் காட்டாதது, பிராக்கெட்டைச் சுற்றி ஈறோரமாக எனாமல் தாது இழந்து சுண்ணாம்பு வெள்ளையாகத் தொடங்கியிருந்தது. அந்த வெண்புள்ளியின் முதல் கட்டம் பல்லைக் காற்றடித்து உலர்த்தினால்தான் கண்ணுக்குத் தெரியும். எச்சில் பளபளப்பில் எடுத்த படத்தில் தெரிய வாய்ப்பே இல்லை.

இந்த இடத்தில்தான் என் மதிப்பீடு கடுமையாகிறது. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குப் படலம் தங்கினால் நான்கு வாரத்திலேயே வெண்புள்ளி தோன்றலாம் என்பது துறை நெடுநாளாக அறிந்த செய்தி. கழன்ற பிராக்கெட்டை மறுபடி ஒட்டலாம், திரும்பிய பல்லைத் திருப்பலாம். பறிபோன எனாமலை முழுதாகத் திரும்பப் பெற முடியாது. பல் தேய்க்கும் அறிவுரை இருந்தது. அதைக் கண்காணிக்கும் வழி இல்லை. ஃபுளோரைடு கூடிய பற்பசையோ வாய்க்கழுவியோ எந்த நோயாளிக்குக் கூடுதலாக வேண்டும் என்று முன்னரே பிரித்திருக்கலாம். மார்ச்சுக்கு முன்பே எவர் வாய் சுத்தம் மோசம் என்பது குறிப்பேட்டில் எழுதியிருந்தது. அத்தகையவருக்குக் கருவியைக் கழற்றிவிடுவதே சிறந்த சிகிச்சை. கழற்றுவதுதான் துகள் எழுப்பும் வேலை. இந்த முடிச்சை ஆவணங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

கம்பிக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் தட்டுகளான அலைனர் இந்தச் சோதனையில் எளிதாக வென்றதாகப் பேச்சு எழுந்தது. பாதி உண்மை. அடுத்த சில தட்டுகள் கையில் இருந்தவர் மெதுவாக மாற்றிக்கொண்டு போகலாம். தீர்ந்துவிட்டால் கடைசித் தட்டையே போட்டுக்கொண்டிருந்தால் பல் நிற்கும். தானே அடங்கும் கருவி என்ற வகையில் அது உயர்ந்தது. ஆனால் இதைக் கொண்டு மருத்துவர் வாயைப் பார்க்கவே தேவையில்லை என்ற முடிவுக்குத் தாவியவர்கள், அஞ்சலில் அலைனர் விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப்பின் கதையைப் பார்க்க வேண்டும். 2014இல் தொடங்கி 2019இல் பங்குச் சந்தைக்கு வந்த அந்த நிறுவனம் 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து டிசம்பரில் மூடியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்களுக்குப் போய் நிற்க ஒரு மருத்துவர் இருக்கவில்லை. ஊரடங்கில் கதவு மூடியிருந்தது. கதவுக்குப் பின்னால் பொறுப்பாளி இருந்தார்.

என் தீர்ப்பு இது. கேட்டைத் தடுக்கும் முதலுதவியாக ஊரடங்குக் காலப் பல் சீரமைப்பு தேறியது, சில இடங்களில் சிறப்பாக. ஈட்டியதைக் காக்கும் முறையாக அது கருவிக்குக் கருவி வேறுபட்டது. அந்த வேறுபாட்டைத் திட்டமாக்கியவர்கள் குறைவு. சிகிச்சையின் தொடர்ச்சி என்ற உரிமைகோரலை நான் ஏற்கவில்லை. ஜூனில் திரும்பி வந்தவர்களிடம் இழந்த நாளை ஈடுகட்டக் கனத்த கம்பிக்குத் தாவியதையும் ஏற்கவில்லை; பல நாள் ஓய்ந்திருந்த எலும்பு முதல் நாள் எலும்புதான், மென்விசையிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மார்ச்சில் கடைசியாக எடுத்த படமும் அச்சும், ஜூனில் முதலில் எடுத்த படமும் அச்சும், இடையில் வாயில் எந்தக் கம்பி, எந்த வில் இருந்தது என்ற குறிப்பும் பல மருத்துவமனைகளின் அலமாரியில் இருக்கின்றன. எந்தக் கருவியை எத்தனை வாரம் பார்க்காமல் விடலாம் என்று சோதிக்க எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தந்திருக்காது. அந்தச் சோதனை கேட்காமலே நடந்து முடிந்திருக்கிறது. அந்தப் படங்களையும் அச்சுகளையும் கருவி வாரியாக அடுக்கி ஒப்பிட்டால், பாடநூலில் வெற்றாக விட்டிருக்கும் மேலெல்லையை நிரப்பத் தொடங்கலாம்.