ஆள் தேடும் வாசகரும் கோப்பு தேடும் வாசகரும்

அரசியலும் பணமும் பின்னிக் கிடக்கும் மர்ம நாவல் ஒன்றைப் படித்து முடித்த தமிழ் வாசகர் தம் கருத்தைச் சொல்லத் தொடங்கும்போது, கதை எப்படி அமைந்திருந்தது என்பதைவிட, அதில் வரும் அமைச்சர் நிஜத்தில் யார், அவருக்குப் பெட்டி கொடுத்த தொழிலதிபர் யார், கடைசி அத்தியாயத்தில் வாய்மூடிப்போன அதிகாரி எந்தத் துறையில் இருந்தவர் என்னும் ஊகங்களே முந்திக்கொண்டு வருகின்றன. வார இதழ்களின் வாசகர் கடிதங்களிலும், மாத நாவல்களின் பின்பக்கங்களிலும், தேநீர்க் கடைப் பேச்சிலும் நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட இவ்வழக்கத்தை, அதாவது பாத்திரத்துக்குப் பின்னால் நிற்கும் நிஜ மனிதரைக் கண்டுபிடிப்பதையே வாசிப்பின் முதல் வேலையாகக் கொள்ளும் வழக்கத்தை, ஆள் தேடும் வாசிப்பு எனலாம். இதை வெறும் வம்பு என்று ஒதுக்கிவிடும் இலக்கிய விமர்சகர்களும், இதுவே மக்களின் அரசியல் விழிப்பு என்று கொண்டாடும் பத்திரிகைக்காரர்களும் பாதி உண்மையையே சொல்கிறார்கள்.

வம்புக்கும் நாவலுக்கும் உள்ள உறவு தமிழில் புதியதன்று. பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், கோடைக்கானலுக்கு ஏறும் சாலையில் இருக்கும் வத்தலக்குண்டைச் சேர்ந்த பி. ஆர். ராஜமையர் 1893 முதல் விவேகசிந்தாமணி இதழில் தொடராக எழுதிய கமலாம்பாள் சரித்திரத்தில், ஊர்ப் பெண்கள் கூடிப் பிறர் குடும்பக் கதைகளை அலசும் வம்பர் மகாசபை ஒரு பாத்திரத்துக்கு நிகரான இடத்தைப் பெறுகிறது. அதே நாவலில் ஆதாரமற்ற அபவாதம் ஒரு குடும்பத்தை நிலைகுலைய வைக்கிறது. தமிழ் நாவல் பிறந்த வேகத்திலேயே, ஊர்ப்பேச்சு எத்தனை கூர்மையானது, எத்தனை ஆபத்தானது என்ற இரண்டையும் ஒருங்கே காட்டிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

ஆள் தேடும் வாசிப்பின் வலிமை, பெயர் சொல்ல முடியாத சூழலில் வெளிப்படுகிறது. அவதூறு இந்நாட்டில் உரிமையியல் தகராறாக மட்டும் நில்லாமல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவும் இருக்கும் நிலையில், அதிகாரத்தில் இருப்பவரைப் பற்றி எழுதும் நாவலாசிரியர் ஊரையும் பெயரையும் மாற்றி, எல்லாம் கற்பனையே என்று முன்பக்கத்தில் அறிவித்துவிட்டு எழுதுவதைத் தவிர வழியில்லை. இந்திரா பார்த்தசாரதியின் வேதபுரத்து வியாபாரிகள் கற்பனையான ஓர் ஊரைப் படைத்துக்கொண்டு தமிழக அரசியலைப் பகடி செய்தது. வேதபுரம் எந்த வரைபடத்திலும் இல்லையென்றாலும் அதன் தெருக்கள் எவை என்று வாசகருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எழுதியவர் பாதியைச் சொல்ல, படித்தவர் மீதியை நிரப்பிக்கொள்ளும் இந்த ஒப்பந்தம் இல்லையென்றால் தமிழில் அரசியல் நாவல் என்ற வகையே மூச்சுவிட்டிருக்காது.

ஆனால் ஆள் கிடைத்த மாத்திரத்தில் இந்த வாசிப்பு திருப்தியடைந்து நின்றுவிடுகிறது. குற்றவாளி யார் என்பதை அறிந்துகொள்ளும் வாசகர், குற்றம் எந்த வழியாக நடந்தது என்பதைக் கேட்பதில்லை. பணம் எப்படி உருவானது, எந்தக் கையெழுத்தால் அது சட்டப்படியான சொத்தாக மாறியது என்ற பகுதி அவருக்குச் சலிப்பூட்டுகிறது. கோடைக்கானல் தமிழ் மர்மக் கதைகளில் தோன்றும் விதமே இதற்குப் போதிய சான்று: பனி மூடிய பங்களா, கைவிளக்கோடு நிற்கும் காவலாளி, தற்கொலைப் பாறையில் ஒரு சால்வை. கொலை நடந்த பங்களா யார் பெயரில் பட்டா ஆகியிருக்கிறது, அதற்குக் கட்டட அனுமதி இருந்ததா என்று கேட்ட துப்பறிவாளர் அபூர்வம். அதைக் கேட்காமல் விட்டதைக் குறை சொல்லிக் கடிதம் எழுதிய வாசகர் அதனினும் அபூர்வம்.

இந்த மலையூரின் நிஜ வரலாறோ பனியைவிடக் காகிதத்தால் ஆனது. பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கை எடுத்துக்கொண்டால், 1994இல் மாநில அரசு, மலைப்பகுதிக் கட்டட விதிகள் அனுமதித்ததற்கு மேலாக ஏழு தளங்கள் கொண்ட கட்டடத்துக்கு விதிவிலக்கு அளித்தது. பழனி மலைகளின் இயற்கையைக் காப்பதற்கென 1985இல் தொடங்கப்பட்ட குடிமக்கள் அமைப்பு நீதிமன்றம் சென்றதன் பேரில் 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. பின்னர் தொடரப்பட்ட குற்றவழக்கில், 2000 பிப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது; அதை எதிர்த்து அன்றே தருமபுரியில் நடந்த போராட்டத்தில் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று கல்லூரி மாணவிகள் மாண்டனர்; 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பொது நினைவில் தங்கியிருப்பவை ஒரு தலைவரின் பெயரும் எரிந்த பேருந்தும்தான். பேருந்து நினைவில் நிற்பது நியாயமே. ஆனால் வழக்கின் மையத்தில் இருந்த விதிவிலக்கு என்னும் கருவி என்ன செய்கிறது என்பதை அறிந்தவர் சிலரே.

விதிவிலக்கு ஆணை விதியை ரத்து செய்வதில்லை. விதி மற்ற எல்லோருக்கும் அப்படியே இருக்க, ஒரே ஒரு கட்டடம் மட்டும் அதிலிருந்து வெளியே எடுக்கப்படுகிறது. நிலம் கூடாமல் அறைகள் கூடுகின்றன. பக்கத்து மனைக்காரருக்குத் தடை தொடர்வதால் கூடிய அறைகளின் மதிப்பும் உயர்கிறது. இப்படியோர் ஆணை பிறக்கும்போது, யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்காவிட்டாலும், ஒரு கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள் புதிய செல்வம் உருவாகிவிடுகிறது. சரிவில் கூடும் எடையையும் கழிவுநீரையும் தாங்க வேண்டியது ஊரின் பொறுப்பாகிவிடுகிறது. இந்தக் குறிப்பிட்ட வழக்கில் குற்றம் யாருடையது என்ற கேள்வியை நீதிமன்றம் தீர்த்து முடித்துவிட்டது. விதிவிலக்கின் பொருளாதாரமோ எந்தத் தீர்ப்பாலும் முடிந்துபோவதில்லை. பெட்டி கைமாறும் காட்சிக்காகக் காத்திருக்கும் வாசகருக்கு, பெட்டியே தேவைப்படாத இந்த வகைச் செல்வம் கண்ணில் படுவதில்லை என்பதுதான் ஆள் தேடும் வாசிப்பின் மிகப் பெரிய குறை.

தேடுவதற்கு ஆளே இல்லாத கதையில் இக்குறை இன்னும் வெளிப்படை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து கோடைக்கானலுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை, தாய் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியதால் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு அவ்வூரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001இல் அம்பலமாக, ஆலை மூடப்பட்டது. 2003இல் கழிவின் ஒரு பகுதி அமெரிக்காவுக்கே கப்பலேற்றப்பட்டது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளரின் நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. கொடுத்த தொகை வெளியிடப்படவில்லை. இதில் வில்லன் யார் என்று கேட்டால் விடை வராது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது ஆலையை அடுத்த பாம்பார் சோலைக் காட்டுக்குள் இறங்கிய பாதரசத்தின் பொறுப்பும் விற்பனைப் பத்திரத்தோடு கைமாறுகிறதா, அந்தப் பொறுப்பு எந்தக் கணக்கில் என்ன தொகையாக எழுதப்படுகிறது என்று கேட்டால்தான் கதை நகரும். 2015இல் சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாடல் இந்த விவகாரத்தை உலகறியச் செய்தது. எனினும் பாடல் கோபத்தைத் திரட்டலாமே தவிர, கணக்கை விளக்க அதற்கு இடமில்லை. அது நாவலின் வேலை.

தமிழ் வாசகர் இவ்வகைக் கேள்வியைக் கேட்டதே இல்லை என்பதும் பொருந்தாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைப் பின்புலமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோதும் அதற்கு முன்பும், இடதுசாரி வாசகர்கள் அதைக் கடுமையாகத் தாக்கினர்; கூலி உயர்வுக்காகவும் சங்கம் வைக்கும் உரிமைக்காகவும் நடந்த போராட்டத்தில், நிலவுடைமையாளரின் கொடூரத்துக்கு அவருடைய பாலியல் இயலாமையைக் காரணமாக்குவது பொருளாதாரத்தை மறைத்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். நாவலுக்கு அவர்கள் முழு நீதி செய்தார்களா என்பது வேறு கேள்வி. ஒரு கொடியவனின் அகத்துக்குள் நுழைவதற்கு நாவலாசிரியருக்குள்ள உரிமையை அவர்கள் குறுக்கினார்கள் என்றும் சொல்ல இடமுண்டு. ஆனாலும் அந்த நிலக்கிழார் யார் என்பது ஊரறிந்த செய்தியாக இருந்த சூழலில், அவர்கள் ஆளைக் கடந்து, நெல்லும் கூலியும் எங்கே போயின என்று கேட்டார்கள். தமிழில் அரசியல் நாவலைப் பற்றி எழுந்த வாசகர் கருத்துகளில் இந்த விவாதத்துக்கு ஈடாகச் சொல்லத்தக்கவை குறைவு.

வாசகர் கருத்து எவ்வளவு தூரம் விமர்சனமாகும் என்ற கேள்வியையும் வத்தலக்குண்டுக்காரர் ஒருவரே கூர்மைப்படுத்தினார். 1959இல் எழுத்து இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, நூலின் சொல்லையும் கட்டமைப்பையும் பிரித்துக் காட்டி மதிப்பிடும் அலசல் முறையை வற்புறுத்தினார். தேர்ந்த ரசனையின் முடிவைச் சுருக்கமாகச் சொன்னால் போதும் என்ற க. நா. சுப்ரமண்யத்தின் போக்குக்கு இது நேரெதிர். விறுவிறுப்பாக இருந்தது, முடிவை ஊகிக்க முடியவில்லை என்னும் வார இதழ்க் கடிதங்கள் க.நா.சு.வின் முறையே, அவருடைய பயிற்சி மட்டும் இல்லை எனலாம். ஆனால் செல்லப்பாவின் அலசலும் பண மர்ம நாவலுக்கு முழுமையாகப் போதாது. அது நூலுக்குள்ளேயே தங்கும் முறை; இத்தகைய நாவலோ அரசாணை, இருப்புநிலைக் குறிப்பு, நிலப் பதிவேடு என்று நூலுக்கு வெளியே கை நீட்டுவது. பாத்திரத்தின் அகமாற்றம் நம்பும்படி இருக்கிறதா என்று கேட்கும் வாசகர், வங்கிக் கடன் அனுமதிக்கப்பட்ட விதம் நம்பும்படி இருக்கிறதா என்றும் கேட்கத்தான் வேண்டும்.

அப்படிக் கேட்டால் சுவை குன்றிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. எமில் சோலா 1891இல் வெளியிட்ட பணம் என்னும் நாவலின் பின்னணியில் 1882இல் பாரிசில் வீழ்ந்த ஒரு வங்கி இருப்பதை அக்கால வாசகர் அறிந்தே இருந்தனர். ஆனால் ஒரு வங்கி தன் பங்குகளைத் தானே ரகசியமாக வாங்கி விலையை ஏற்றும் தந்திரத்தை நாவல் படிப்படியாகக் காட்டியதால், ஆள்கள் மறக்கப்பட்ட பின்னும் நாவல் நிற்கிறது. தமிழ்நாட்டிலும் 2014இல் வந்த சதுரங்க வேட்டை படத்தைப் பற்றிப் பேசியவர்கள், நாயகன் நிஜத்தில் யார் என்று தேடியதைவிட, ஒவ்வொரு மோசடியும் எந்த ஆசையைப் பிடித்து எப்படி இழுக்கிறது என்பதையே விரித்துப் பேசினார்கள். பைனான்ஸ் கம்பெனியிலும் ஈமு கோழியிலும் பணத்தை இழந்த ஊருக்கு வழிமுறையில் ஆர்வம் இல்லாமல் போகாது.

தொடர்கதை மரபில் வாசகர் கருத்துக்கு உள்ள அதிகாரம் மிகப் பெரிது. குமுதத்தில் சுஜாதா எழுதத் தொடங்கிய கறுப்பு சிவப்பு வெளுப்பு, ஒரு சமூகத்தினரின் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே நிறுத்தப்பட்டு, பின்னர் வேறு வடிவில் ரத்தம் ஒரே நிறமாக எழுதப்பட்டது. இங்கும் எதிர்ப்பைக் கிளப்பியது, கதையில் இடம்பெறுபவர் யார் என்ற கேள்விதான். கடிதங்களும் எதிர்ப்புகளும் ஆளைப் பற்றியவையாகவே வரும்வரை, ஆசிரியர் குழு வெட்டிச் சுருக்கும் பக்கங்கள் கோப்பையும் கணக்கையும் பற்றியவையாகவே இருக்கும். எழுத்தாளரும் அடுத்த நாவலில் அவற்றை எழுதும் சிரமத்தை மேற்கொள்ளமாட்டார். கோடைக்கானலில் விதியை மீறி எழுந்த கட்டடங்கள் மீதான நீதிமன்ற ஆணைகளும் சீல் வைப்புகளும் பின்னரும் தொடர்ந்திருக்கின்றன. அந்தக் கட்டடங்களின் அனுமதிக் கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போனது என்பதை நூறு பக்கம் சொல்லும் ஒரு நாவல் வந்தால், அதன் முதல் வாசகர் கடிதம் அந்த நூறு பக்கத்தில் எந்த மேசை விட்டுப்போயிற்று என்று கேட்பதாக இருக்க வேண்டும்.