களத்துக்குப் புதியவன் யார்?

எர்னஸ்ட் ஹெமிங்வே எனும் பெயரைக் கேட்டதுமே எழுந்து நின்று கைகூப்புவோர் உண்டு. 1954இல் நோபல் பரிசு பெற்றவர். சொற்செட்டுக்குப் பெயர் போனவர். எனவே அவர் எழுதிய எதையும் படிக்குமுன்பே பாராட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. நாம் படித்துவிட்டுப் பேச விரும்புகிறோம். 1932இல் அவர் வெளியிட்ட 'பிற்பகலில் மரணம்' கதையன்று. ஸ்பெயின் நாட்டுக் காளைப்போரை, அதனை அறியாத அயலாருக்கு அறிமுகப்படுத்தும் நூல். எங்கே உட்கார வேண்டும், எதை நோக்க வேண்டும், கூட்டம் ஏன் கூச்சலிடுகிறது என்றெல்லாம் முதன்முறை வருபவனின் தோள்மீது கைபோட்டுச் சொல்லித் தருகிறார். பின்னிணைப்பாகச் சொல்லகராதி வேறு!

அவரும் ஒருகாலத்தில் புதியவர்தாம். பாரிசில் வாழ்ந்த நாளில், 1923இல், ஸ்பெயின் சென்று முதன்முதலாகக் காளைப்போரைக் கண்டார். குதிரைகள் படும் பாட்டைக் கண்டு தம் உள்ளம் பதறும் என எண்ணிச் சென்றதாகவும், அவ்வாறு பதறவில்லை என்றும் ஒளிக்காமல் எழுதுகிறார். உணரவேண்டும் என்று ஊரார் கற்பித்ததை உணர்ந்ததாகப் பாவனை செய்யாதே. உண்மையில் நீ உணர்ந்தது எது என்று உன்னையே கேள் — எழுத்தாளனுக்கு அவர் வைக்கும் கடினமான சோதனை இது. இதை நாம் வரவேற்கிறோம். தேர் அசைந்ததும் பரவசம் பொங்கியதாகக் கண்ணை மூடிக்கொள்ளும் கூட்டத்தின் நடுவே, "எனக்கொன்றும் பொங்கவில்லையே" என்று சொல்லத் துணிவு வேண்டுமன்றோ?

ஆனால் அந்தத் துணிவு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது? செய்தபின் மனத்துக்கு நன்றாகத் தோன்றுவது அறம். தீதாகத் தோன்றுவது அறமன்று. காளைப்போரைக் கண்டபின் தமக்கு நன்றாகவே தோன்றுகிறது என்கிறார். இதுவா அளவுகோல்? நேர்ந்துவிட்ட ஆட்டுக்கிடாயை வெட்டி வீழ்த்தியவனுக்கும் நன்றாகத்தான் தோன்றுகிறது. திருநீறு பூசிக்கொண்டு நிறைவோடு வீடு திரும்புகிறான். தன் தெருவிலே ஒடுக்கப்பட்டவன் ஒருவன் செருப்பணிந்து நடந்ததற்காக அவனைக் கட்டிவைத்து அடித்த பண்ணையாருக்கும் அன்றிரவு நன்றாகத்தான் உறக்கம் வந்தது. பிறர்க்கு இந்த அறத்தை விதிக்கவில்லை என்று ஹெமிங்வே ஒதுங்கிக்கொள்கிறார். ஒதுங்கட்டும். நன்றாக உணர்ந்தவன் ஒருவன், உயிர்விட்டது மற்றொன்று. கணக்கில் முதலாமவன் மட்டுந்தான் வருகிறான்.

நூலின் நடுவே மூதாட்டி ஒருத்தி வருகிறாள். ஆசிரியர் கற்பித்த பாத்திரம். கேள்வி கேட்பதும், விடை கேட்டு வியப்பதும் அவள் வேலை. நைமிசாரண்யத்து முனிவர்கள் சூதரிடம் கேட்பதுபோல, சொல்ல நினைத்தவர்க்கு வசதியான கேள்விகளையே அவளும் கேட்கிறாள். அலுத்ததும் அவளை நூலைவிட்டே வெளியேற்றிவிடுகிறார். வேடிக்கையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும், உண்மையாகவே மறுத்துப் பேசும் ஒருத்தியை அங்கே உட்கார வைத்திருந்தால் நூல் இன்னும் உரம் பெற்றிருக்கும்.

இனி, களத்துக்கு வருவோம். மூன்று கட்டங்கள். குதிரைமேல் வரும் ஈட்டிக்காரர் காளையின் கழுத்துத் தசையைக் குத்தித் தளர்த்துகின்றனர். அடுத்து, வண்ணத்தாள் சுற்றிய முள்வேல்கள் இணையிணையாகத் தைக்கப்படுகின்றன. பின்னர் சிவப்புத் துணியும் வாளும் ஏந்தி மட்டடோர் வருகிறான். எல்லாம் கால்மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். இதிலே ஒரு விதி உண்டு. நூலின் உயிர்நிலை அதுவே என்போம். தரையில் நிற்கும் மனிதனை அந்தக் காளை அதற்குமுன் எதிர்த்துப் பழகியிருக்கக் கூடாது. ஏன்? காளை கற்றுக்கொள்கிறது, அதுவும் மிக விரைவில்! துணியை விட்டுவிட்டு, துணிக்குப் பின்னால் நிற்கும் ஆளைக் குறிவைக்கத் தொடங்கிவிடுகிறது.

அப்படியானால், தோழர்களே, அந்த வட்டத்துக்குள்ளே விதி தெரியாமல் முதன்முறை வந்து நிற்பது யார்? சீட்டு வாங்கி அமர்ந்த அமெரிக்கரா? அவருக்கு விளக்கம் சொல்லத் தடித்த புத்தகமே இருக்கிறது. உண்மையான புதுவரவு காளைதான். அது கற்றுத் தேறுவதற்குள் கொன்றுவிட வேண்டும் என்பதுதான் கடிகாரத்தின் வேலை.

கற்றுத் தேறிய காளை என்ன செய்யும் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். வலென்சியா வட்டாரத்துக் கிராம விழாக்களில் மீண்டும் மீண்டும் விடப்பட்ட ஒரு காளை, ஐந்தாண்டுகளில் 16 பேரைக் கொன்றது. 60க்கு மேற்பட்டவரைப் படுகாயப்படுத்தியது. மாண்டவருள் ஒருவன் ஜிப்சிச் சிறுவன். அவனுடைய உடன்பிறந்தானும் உடன்பிறந்தாளும் ஈராண்டு அந்தக் காளையைப் பின்தொடர்ந்து, அது இறைச்சிக்கூடத்துக்கு வந்த நாளில், கண்களைத் தோண்டிப் பழிதீர்த்துக்கொண்டனர். ஒப்பனையின்றி, ஓங்கிய குரலின்றி அவர் சொல்லும் இந்தப் பகுதிக்காகவே நூலைப் படிக்கலாம்.

இங்கே நமக்கு நினைவுக்கு வருவது சி. சு. செல்லப்பா 1959இல் வெளியிட்ட 'வாடிவாசல்'. அவர் நம் அணியினர் அல்லர், அதனாலென்ன? அங்கே நிலை தலைகீழ். காரி பழகிய காளை. தந்தையைக் குத்திக் கொன்ற காளை. அயலூர்க் களத்துக்கு வந்து நிற்கும் பிச்சிதான் புதியவன். பிடிபட்ட பின்னர் காரியைச் சுட்டுத் தள்ளுவது ஜமீன்தாரின் துப்பாக்கி. தோற்றது மாடு அன்று, தம் மானம் என அவர் எண்ணியதை ஆசிரியர் விரித்துரைக்காமலே விளங்க வைக்கிறார். நம் ஏறுதழுவல் 2014இல் உச்ச நீதிமன்றத்தால் தடுக்கப்பட்டது. 2017இல் சட்டத் திருத்தத்தால் மீண்டது. 2023இல் அதே நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. நம் களத்தில் காளையைக் கொல்வதில்லை என்று மார்தட்டுவோர், முதல் மரியாதை எந்தச் சாதிக்கு என்று வாடிவாசலில் எழும் வழக்குகளையும் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

குதிரைகளைப் பற்றி ஒரு சொல். அவற்றின் சாவு இந்தத் துன்பியல் நாடகத்தில் நகைச்சுவைப் பகுதி என்கிறார் ஹெமிங்வே; அருவருக்கிறோம். ஆனால் 1928இல் குதிரைகளுக்கு மெத்தைக் கவசம் கட்டாயமாக்கப்பட்டபோது, அது குதிரையின் வலியைக் குறைக்கவில்லை, பார்ப்பவர் கண்ணுக்கு மறைக்கிறது என்று சொன்னவரும் அவரே. சரியாகச் சொன்னார்.

கட்டலோனியா சட்டமன்றம் 2010இல் காளைப்போரைத் தடை செய்து சட்டம் இயற்றியது. 2012இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் ஸ்பெயின் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா, நடுவணரசுக்கு உண்டா என்பதே அங்கே வழக்கு. காளையின் வலி அந்த வழக்கில் இல்லை.