வந்து ஆடியவர்கள்

கூலிக்கு ஆடுகிறவனுக்கு ஊர்ப்பற்று ஏது என்று ஒரு கேள்வி நம்மிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. கால்பந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கேள்வியையே பதிலாகவும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பிரேஸில் தேசத்து பார்வர்டு ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எத்தனை கிளப், எத்தனை கோல், என்ன சம்பளம் என்று கணக்கப்பிள்ளை குறிப்பெழுதுவது போல எழுதி முடித்துவிடுகிறார்கள். கிளப்புகளின் பெயர் நாலைந்து வரிசையாக நின்றுவிட்டால், 'எங்கும் தரிக்காதவர்' என்று முத்திரையும் விழுந்துவிடும்.

மில்லர்புரத்தில் குடியிருந்துகொண்டு இதை ஒப்புக்கொள்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வந்தவர்களின் உழைப்பைத் தின்று வளர்ந்த துறைமுகம் இது. முத்துக் குளிப்பு 1961-இல் கடைசியாக நடந்து ஓய்ந்தது. அது நடந்த காலங்களில் கீழக்கரையிலிருந்தும் வேறு கரைகளிலிருந்தும் வந்து முழுகினார்கள். அவர்கள் கொண்டுவந்த சிப்பியை எண்ணிப் பங்கு கொடுத்தார்களே தவிர, சீசன் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்களே என்று யாரும் சிப்பியை மட்டமாகப் பார்த்ததில்லை.

கிறிஸ்டியானோ ஜூனியரின் கதையை எடுத்துக்கொள்வோம். அவர் கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஆடினார். 2003-04 தேசிய லீகில் 15 கோல் போட்டு, அந்தப் பருவத்தில் எல்லோருக்கும் மேலே நின்றார். லீகையும் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. அடுத்த பருவத்திலேயே கோவாவின் டெம்போ கிளப்புக்குப் போனார். காசுக்குப் போனார் என்று சொல்லலாம், காசுக்குத்தான் போயிருப்பார். காசு வாங்காமல் கதை எழுதுகிற எழுத்தாளர் யாராவது இருந்தால் அவர் முதல் கல்லை எறியட்டும். 2004 டிஸம்பர் 5-ஆம் தேதி பெங்களூரில் பெடரேஷன் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே மோகன் பகான். டெம்போ இரண்டு கோலுக்கு ஜெயித்தது, இரண்டும் அவருடையவை. இரண்டாவது கோலைப் போட்ட அந்த வேகத்திலேயே கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. வயது 25.

இதற்குப் பின் அவரைப் பற்றி வந்த எழுத்தெல்லாம் அந்த மோதலைப் பற்றிய எழுத்துத்தான். இங்கேதான் எனக்கு வழக்கு. மைதானத்தில் வைத்திய வசதி போதாமல் இருந்ததைக் கண்டித்து எழுத வேண்டியதுதான். எத்தனை முறை எழுதினாலும் தகும். ஆனால் அனுதாபம் என்ற பெயரில் அவருடைய ஆட்டத்தை அழித்துவிட்டார்கள். ஒரு நாவலாசிரியன் அற்பாயுசில் போய்விட்டால் அவனுடைய க்ஷயரோகத்தைப் பற்றி இருநூறு பக்கம் எழுதிவிட்டு, நாவலைப் பற்றி இரண்டு வரி எழுதுகிற வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? அதே காரியந்தான் இதுவும். அவர் செத்தது தெரிந்தவர்களுக்கு அந்த 15 கோல் தெரியாது. ஒரு புது நாட்டில், தெரியாத பாஷையில், பந்தை யார் எப்போது கொடுப்பார்கள் என்பதே புரிபடாத இடத்தில் வந்து நின்று, முழுசாக ஒரு பருவத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்ட அந்தச் சாமர்த்தியத்தை அல்லவா எழுதியிருக்க வேண்டும்!

ஜோஸ் பரெட்டோவுக்கு இந்த அநியாயம் நேரவில்லை. அவருக்கு வேறு மாதிரி அநியாயம். போர்த்தோ அலெக்ரேக்காரரான அவர் மோகன் பகானுக்கு வந்து 1999-2000 லீகிலும் 2001-02 லீகிலும் வெற்றியில் பங்கு கொண்டார். இடையில் பிரிந்து போய், பம்பாயின் மஹீந்திரா யுனைடெட் 2005-06 லீகை ஜெயித்தபோது அங்கே ஆடினார். திரும்பவும் மோகன் பகானுக்கே வந்து 2012 வரை இருந்தார். வங்காளிகள் அவரைப் பச்சைக்கிளி என்று செல்லமாக அழைத்தார்கள். கிளப்பின் சட்டையில் பச்சை உண்டு. 'விசுவாசம்', 'விசுவாசம்' என்று அவரைப் புகழ்ந்து தள்ளினார்கள். நாய்க்குச் சொல்கிற புகழ்ச்சி இது! பரெட்டோவின் பெருமை, கோல் போட வேண்டிய இடத்தில் நின்றுகொண்டே மற்றவனுக்குக் கோலைத் தயார் செய்து கொடுத்ததில் இருக்கிறது. முழுகுகிற ஆளும் அவர்தான். படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆளும் அவர்தான். இந்த இரண்டு குணமும் ஒரே பார்வர்டிடம் அமைவது அபூர்வம். கிறிஸ்டியானோவிடம் முதலாவதுதான் இருந்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது நிறைய இருந்தது.

சென்னைக்காரர்கள் எலானோவைச் சொல்லுவார்கள். 2010 உலகக் கோப்பையில் பிரேஸிலுக்காக இரண்டு கோல் போட்டவர், 2014-இல் சென்னையின் எஃப்.ஸி.க்கு வந்து 8 கோல் போட்டு அந்தப் போட்டியிலேயே முதலாவதாக நின்றார். நல்ல ஆட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் கீர்த்தியோடு வந்து இறங்கினார். மற்ற இருவரும் வெறுங்கையோடு வந்து, கீர்த்தியை இந்த மண்ணில்தான் சம்பாதித்தார்கள். ஆகையால் அவர்களை எடைபோடுகிற பொறுப்பு நம்முடையது. பிரேஸில்காரன் வந்து அதைச் செய்யமாட்டான்.

கிறிஸ்டியானோ கோவாவுக்குப் போனதில் பாஷைக்கும் பங்கு இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. போர்த்துகீஸியம் காதில் விழுகிற ஊர் அது. எங்கள் கரையிலும் பெர்னாண்டோக்களும் கோமெஸ்களும் வீட்டுக்கு வீடு உண்டு. அந்தப் பாஷைதான் போய்விட்டது, ஜன்னலையும் சாவியையும் விட்டுவிட்டு. அவர் இறந்த அந்தப் பருவத்தின் லீகை டெம்போ ஜெயித்தது. அவர் ஆடியது எத்தனை ஆட்டம், எந்த ஆட்டத்தில் பந்து எந்தப் பக்கத்திலிருந்து அவர் காலுக்கு வந்தது என்று யாராவது உட்கார்ந்து எழுதினால், முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.