மிதிவண்டி விஞ்ஞானமும் முழங்காலும்

உங்களில் பலர் சைக்கிளில்தான் பள்ளிக்கோ கல்லூரிக்கோ போயிருப்பீர்கள். பிறகு வேலை, பஸ், ஸ்கூட்டர் என்று வாழ்க்கை மாறியதும் அது வீட்டின் பின்புறச் சுவரில் சாத்தப்பட்டிருக்கும். என்றாவது ஒரு நாள் டயருக்குக் காற்றடித்து, 'மறுபடியும் நெடுந்தூரம் போய்ப் பார்த்தால் என்ன?' என்று தோன்றும்போது எந்தப் புத்தகத்தைத் துணைக்கு எடுப்பது? இயற்பியல் படித்தவனின் கை 'பைசைக்கிளிங் சயின்ஸ்' என்ற ஆங்கில நூலுக்குத்தான் போகும். என் கையும் அங்கேதான் போயிற்று. அந்த நூலை நம்பித் தெருவில் இறங்கியவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்நூல் முதலில் 1974-இல் வெளிவந்தது. எழுதியவர்கள் ஃப்ராங்க் ரௌலண்ட் விட், டேவிட் கார்டன் வில்சன் என்ற இருவர். வெளியிட்டது அமெரிக்காவின் எம்.ஐ.டி. அச்சகம். 1982-இல் இரண்டாம் பதிப்பும், 2004-இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த வில்சன் 2019-இல் காலமானார். அதன் பிறகு, 2020-இல், தியோடர் ஷ்மிட் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய நான்காம் பதிப்பு வெளியாயிற்று. ஒரு நூல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் திருத்தப்பட்டு உயிரோடு இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

காரணம் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு, டயரின் உருளும் உராய்வு, சங்கிலியில் வீணாகும் ஆற்றல் ஆகியவற்றை இந்நூல் விளக்குவது போல் வேறு நூல் விளக்கி நான் பார்த்ததில்லை. படித்து முடித்ததும் நாமே கணக்குப் போடத் தொடங்கிவிடுவோம். ஓர் உதாரணம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண வண்டி, காற்றில்லாத சமதரை. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போக ஏறக்குறைய 50 வாட் திறன் போதும். 18 கி.மீ. என்றால் 74 வாட். 20 கி.மீ. என்றால் 94 வாட். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் திறன் கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடுகிறது! மணிக்கு 10 கி.மீ. எதிர்க்காற்று வீசினாலோ, 18 கி.மீ. வேகத்துக்கே 139 வாட் தேவைப்படும். வகுப்பறையில் திசைவேகத்தின் வர்க்கம் என்று கரும்பலகையில் எழுதுவதற்கும், கடற்கரைச் சாலையில் மாலைக் காற்றை எதிர்த்து மிதித்து அதை உணர்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்நூல் குறைத்துவிடுகிறது. மாணவர்கள் இதற்காகவே இதைப் படிக்க வேண்டும்.

இப்போது என் குறைக்கு வருகிறேன். மனிதனை ஓர் எஞ்சினாகக் கருதி, அவனால் எவ்வளவு நேரத்துக்கு எவ்வளவு திறன் தர முடியும் என்பதைக் காட்டும் வளைகோடு ஒன்று இந்நூலின் பழைய பதிப்புகளில் உண்டு. கிடைமட்ட அச்சில் நேரம். செங்குத்து அச்சில் திறன். தேர்ந்த விளையாட்டு வீரருக்கு ஒரு கோடு, ஆரோக்கியமான சாதாரண மனிதனுக்கு ஒரு கோடு. சில வினாடிகளுக்குக் குதிரைபோல் பாயும் மனிதன், நேரம் நீள நீளத் தணிந்து, எட்டு மணி நேர உழைப்பு என்று வரும்போது சுமார் 75 வாட்டில் நிற்கிறான். அழகான வளைகோடு, ஆபத்தானதும்கூட.

ஆபத்து எங்கே என்கிறீர்களா? நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பிரான்சில் தோன்றிய 'ரான்டனேர்' என்ற நெடுந்தூர ஓட்ட முறையில், 200 கி.மீ. தூரத்தை 13½ மணிக்குள் முடிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. உண்பதும் இளைப்பாறுவதும் அந்த நேரத்துக்குள்ளேயே அடங்கும். இது பந்தயமன்று; முதலில் வந்தவனுக்கும் கடைசியில் வந்தவனுக்கும் ஒரே மரியாதைதான். எட்டு ஆண்டுகள் சைக்கிளைத் தொடாத நான் இதில் கலந்துகொள்ள ஆசைப்பட்டேன். வளைகோட்டைப் பார்த்தேன்: நான் ஆரோக்கியமானவன், ஆகவே 75 வாட். 75 வாட் என்றால் மணிக்கு 18 கி.மீ. அப்படியானால் 200 கி.மீ.க்கு 11 மணி 7 நிமிடம். ஓய்வுக்கு இரண்டு மணி ஒதுக்கினாலும் நேரம் மிஞ்சுகிறது! எட்டு மணி நேரத்துக்கான எண்ணைப் பதினொரு மணிக்கு நீட்டியது முதல் தவறு. அது சின்னத் தவறு. பெரிய தவறு, அந்தக் கோட்டில் இருக்கும் மனிதன் நான்தான் என்று எண்ணிக்கொண்டது.

முதல் வாரம் மூச்சிரைத்தது. இரண்டாம் வாரமே உடம்பு காற்றாய் லேசாகிவிட்டது போலத் தோன்றியது. மூன்றாம் ஞாயிறு 90 கி.மீ. புறப்பட்டேன். எழுபதாவது கிலோமீட்டரில் வலது முழங்காலின் முன்புறம் ஊசி குத்தியது போல ஒரு வலி. மீதி இருபதை எப்படிக் கடந்தேன் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். ஆறு வாரம் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்த வளைகோடு என் நினைவுக்கு வந்தது.

எங்கே பிசகிற்று? வளைகோடு திறனைக் காட்டுகிறது; விசையைக் காட்டுவதில்லை. திறன் என்பது விசை, வேகம் இரண்டின் பெருக்கல் அல்லவா? ஒரே 75 வாட்டை நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தும் தரலாம், 80 சுற்று மிதித்தும் தரலாம். முதல் வகையில் பெடலின் மேல் சராசரியாக 84 நியூட்டன் விசை விழும். இரண்டாவதில் 53 தான். நுரையீரலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. முழங்காலுக்கு அப்படியல்ல. என்னுடையது கியர் மாற்ற இயலாத சாதாரண வண்டி: முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். அதில் எதிர்க்காற்று வந்தால் கியரை மாற்றித் தப்பிக்க வழியில்லை. எதிர்ப்பு முழுவதும் அப்படியே காலின் மேல்தான் விழும். 200 கி.மீ.க்கு இப்படி 37,000 சுற்று. போதாக்குறைக்கு என் இருக்கை இரண்டு விரல் அளவு தாழ்ந்திருந்தது. தாழ்ந்த இருக்கையில் முழங்கால் அதிகமாக மடங்கியபடியே பாரத்தைத் தாங்குகிறது. மிதிக்கும் வேகத்தைப் பற்றி நூலாசிரியர்கள் பேசாமல் இல்லை; ஆனால் அவர்கள் பேசுவது பெரும்பாலும் எந்த வேகத்தில் பயனுறுதிறன் அதிகம் என்பதைப் பற்றி. எந்த வேகத்தில் மூட்டு பிழைக்கும் என்பது வேறு கேள்வி.

இதைவிட ஆழமான குறை ஒன்றுண்டு. வளைகோட்டின் நேர அச்சு நிமிடங்களிலும் மணிகளிலும் ஓடுகிறது. நெடுநாள் விட்டுவிட்டுத் திரும்புகிறவனுக்கு வேண்டியதோ வாரங்களில் ஓடும் அச்சு. எஞ்சின் இருக்கும் நிலையை நூல் அளக்கிறது. ஓடாமல் கிடந்தால் எஞ்சின் எப்படிச் சுருங்குகிறது, மறுபடி ஓட்டினால் எந்த வரிசையில் விரிகிறது என்று நான் தேடிய அளவில் அதில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் உலகில் இல்லாமலும் இல்லை.

1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்து ஆராய்ந்தார்கள். அவர்களது உடல் உட்கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல், அதே ஐவரைத் தேடிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த குறைவு சுமார் 12 சதவீதந்தான்! மூன்று வாரப் படுக்கை அதைவிடப் பெரிய கேட்டைச் செய்திருந்தது. பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி அளித்ததும், ஐம்பது வயதில் அவர்கள் சராசரியாகத் தங்கள் இருபது வயதுத் தொடக்க அளவுக்கே திரும்பிவிட்டார்கள். ஐந்து பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாதுதான். ஆயினும் முப்பது ஆண்டு இடைவெளியில் அதே ஆட்களை அளந்த பரிசோதனைகள் எத்தனை இருக்கும்?

1984-இல் எட்வர்ட் காயில் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற எழுவர் 84 நாள் பயிற்சியை நிறுத்தினர். உச்ச ஆக்சிஜன் அளவு முதல் மூன்று வாரத்தில் 7 சதவீதமும், மொத்தத்தில் 16 சதவீதமும் குறைந்தது. முதலில் தளர்ந்தது இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தத்தின் அளவு. தசையில் ஆக்சிஜனைப் பயன்படுத்த உதவும் நொதிகள் ஏறக்குறைய 12 நாள் அரை ஆயுளோடு குறைந்தன. கதிரியக்கப் பாடம் நினைவுக்கு வருகிறதா? ஆனால் ரேடியம் போல இவை தேய்ந்துகொண்டே போகவில்லை. பயிற்சியே இல்லாதவரின் அளவைவிட ஒன்றரை மடங்கில் நின்றுவிட்டன. தசையில் உள்ள நுண்ணிரத்தக் குழாய்களோ குறையவே இல்லை. 1986-இல் அதே குழுவினர், முதலில் வரும் இழப்பில் பெரும்பங்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதால் நேர்வது என்று காட்டினார்கள்.

ஆக, நம் உடம்பில் ஒரே கடிகாரம் ஓடவில்லை. இரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களில் குறைகிறது, சில நாட்களிலேயே கூடவும் செய்கிறது. தசையின் நொதிகளுக்கு வாரங்கள் வேண்டும். இரத்த ஓட்டம் குறைந்த தசைநாண்களும் மூட்டைச் சுற்றிய பகுதிகளும் வலுப்பெற மாதங்கள் ஆகின்றன. இரண்டாம் வாரம் நான் லேசாக உணர்ந்தேனே, அது பொய்யன்று. இரத்தமும் இதயமும் உண்மையிலேயே முன்னேறியிருந்தன. முழங்கால் மட்டும் முதல் நாளிலேயே நின்றுகொண்டிருந்தது. மூச்சு இரைக்கவில்லை என்பதைச் சான்றாக வைத்து நான் தூரத்தைக் கூட்டினேன்.

'அது பயிற்சி நூல் அல்லவே, அதைக் குறை கூறலாமா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மனிதனை எஞ்சின் என்று சொல்லி, அவனுக்கு ஒரு வளைகோடு வரைந்து கொடுத்த பிறகு, வாசகன் அதில் தன்னைப் பொருத்திப் பார்க்காமல் இருப்பானா? டீசல் எஞ்சினை எட்டு ஆண்டு சும்மா வைத்தால் துரு ஏறும். ஆனால் ஓட்ட ஓட்ட அதன் சிலிண்டர் பெரிதாவதில்லை. மனிதனுக்கு ஆகிறது. உவமை முறியும் இந்த இடத்தை ஒரு பத்தியிலாவது அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

வெப்பத்தைப் பற்றிய பகுதி எனக்கு மிகவும் பயன்பட்டது. 75 வாட் வேலை செய்யும் உடல், தசையின் பயனுறுதிறன் கால் பங்கு என்று கொண்டால், 225 வாட்டை வெப்பமாக வெளிவிடுகிறது. ஓய்வு நிலை வெப்பத்தையும் சேர்த்தால் 300 வாட். நமது ஊரில் காற்றின் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் தோலிலிருந்து காற்றுக்கு நேராக வெப்பம் போகாது. வியர்வை ஆவியாவதுதான் ஒரே வழி. மணிக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆவியாக வேண்டும்; வெயில் சுட்டால் இன்னும் கூடும். சொட்டித் தரையில் விழும் வியர்வை கணக்கில் சேராது என்பதைக் கடலோரத்து வாசகர்கள் கவனிக்க வேண்டும். உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். விடியற்காலை ஐந்து மணிக்கே ஓட்டிப் பழகிவிட்டு நடுப்பகலில் 200 கி.மீ. போக நினைப்பவர்கள் (நானும் அந்தக் கட்சிதான்) இதை எண்ணிப் பார்க்கட்டும்.

நூலை வாங்கலாமா என்றால், கட்டாயம் வாங்கலாம். முடியாதவர்கள் கல்லூரி நூலகத்தில் பழைய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காற்றெதிர்ப்பு பற்றிய பகுதிக்குப் பழைய பதிப்பே போதும். மனித எஞ்சின் பற்றிய அத்தியாயத்தைப் படிக்கும்போது மட்டும் பக்கத்தில் ஒரு நாட்காட்டியை வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் ஆறியதும் இருக்கையை உயர்த்தினேன். பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போடச் சொன்னேன். "ஸ்பீடு போயிடுமே, சார்" என்று சைக்கிள் கடைக்காரர் வருத்தப்பட்டார். போகட்டும், பெடலின் மேல் விழும் விசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இரண்டு வாரம் தூரத்தைக் கூட்டுகிறேன், மூன்றாம் வாரம் குறைக்கிறேன். மூச்சைக் கேட்டு அல்ல, மறுநாள் காலை மாடிப்படியைக் கேட்டு. ஐந்தாவது மாதம் இது. சென்ற ஞாயிறு 140 கி.மீ. வந்தேன். கடைசி முப்பதில் எதிர்க்காற்று; சராசரி வேகம் மணிக்கு 16 கி.மீ.யைத் தாண்டவில்லை. 13½ மணிக்கு அது போதும்.