முந்நூறு கிராம் ஸ்கோப்பும் பென்சில்வேனியக் காடும்

பென்சில்வேனியாவின் மலைக்காடுகளில் வெள்ளைவால் மானைச் சுடும் தூரம் பெரும்பாலும் 100 கஜத்துக்குள் அடங்கிவிடும். ஓக்கும் ஹெம்லாக்கும் அடர்ந்து நிற்க, அவற்றின் அடியில் லாரல் புதர் மண்டிக் கிடக்கும். அதற்கு மேல் பார்வை போவதே அரிது. மின்கம்பிகளுக்காக மரம் வெட்டிய பாதையோ சோளக்கொல்லை ஓரமோ வாய்த்தால் 200 கஜம். ஆனால் துப்பாக்கிக் கடையில் முதலில் நம் கைக்கு வருவது 4-16, 5-25 என்ற உருப்பெருக்கமும் 50 மி.மீ. முன்வில்லையும் முக்கால் கிலோ எடையும் கொண்ட ஸ்கோப்தான். இந்தக் காட்டுக்கு அது வேண்டாம். நான் துப்பாக்கியில் பூட்டிப் பார்த்தவற்றில் இங்கே மிகப் பொருந்தியது லூப்போல்டு நிறுவனத்தின் விஎக்ஸ்-ஃப்ரீடம் 2-7×33. எடை சுமார் 315 கிராம்.

இந்தியாவில் மான் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது அப்படியே இருக்க வேண்டும். பென்சில்வேனியாவின் கதை வேறு. ஓநாயும் மலைச்சிங்கமும் இந்த மாநிலத்திலிருந்து எப்போதோ அற்றுப்போய்விட்டன. மான் அளவுக்கு மீறிப் பெருகினால் இளங்கன்றுகளை எல்லாம் மேய்ந்து, காடு மறுபடி எழ விடாது. உரிமம், பருவம், எத்தனை மான் என்பதையெல்லாம் 1895-இல் தொடங்கிய மாநில வேட்டை ஆணையம் வகுக்கிறது.

எடையிலிருந்து தொடங்குகிறேன். நான் வைத்திருக்கும் டிக்கா டி3எக்ஸ் லைட் வெறும் துப்பாக்கியாக ஏறத்தாழ 2.9 கிலோ. இவ்வளவு பார்த்துப் பார்த்து இலேசான துப்பாக்கியை வாங்கிவிட்டு, அதன் தலையில் 600 கிராம் ஸ்கோப்பும் கனத்த எஃகு வளையங்களும் ஏற்றினால் வாங்கிய பயன் போய்விடும். எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். சரிவில் ஏறும்போது துப்பாக்கியை நடுவில் ஒரு கையால் பிடித்து நடக்கிறோம். மேலே கனம் இருந்தால் அது பக்கவாட்டில் கவிழப் பார்க்கும். மணிக்கட்டு ஓயாமல் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்கும். 1-6 உருப்பெருக்க ரகம் ஒன்றைக் கொஞ்ச காலம் பூட்டியிருந்தேன். கண்ணாடி அருமை. ஆனாலும் மாலைக்குள் கை சலித்துவிடும். 2-7 மாட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. முன்வில்லை சிறியது என்பதால் தாழ்ந்த வளையங்களே போதும்; கன்னத்தைக் கட்டையில் வைத்ததும் கண் நேராகக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. 50 மி.மீ. ஸ்கோப்பை உயர்த்திப் பூட்டினால் கன்னம் கட்டையை விட்டு எழும்பும்; அவசரத்தில் படம் கிடைக்காது.

அடுத்தது பார்வைப் பரப்பு. இதைத்தான் வாங்குபவர்கள் கேட்பதே இல்லை. 2-7இன் மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் 100 கஜத்தில் 40 அடிக்கு மேல் அகலம் தெரியும். அதுவே 30 கஜத்தில் 12, 13 அடி. மான் முழுவதும் தெரியும். அதன் முன்னே உள்ள கிளையும் பின்னே நிற்கும் இன்னொரு மானும் தெரியும். 9 மடங்கில் வைத்த ஸ்கோப்பில் அதே 30 கஜத்தில் அகப்படுவது 4 அடிதான். பழுப்பு மயிர் தெரியும், ஆனால் அது தோளா தொடையா என்று தெரியாது. நடக்கும்போது உருப்பெருக்க வளையத்தை 2இலேயே விட்டுவையுங்கள். மான் தொலைவில் நின்றால் பெருக்க நேரம் இருக்கும். பக்கத்தில் எழும்பினால் குறைக்க நேரம் இருக்காது.

பெரிய வில்லை அதிக வெளிச்சம் தரும் என்ற வாதத்துக்கு வருவோம். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணில் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 33 மி.மீ. வில்லை 4 மடங்கில் 8 மி.மீ.க்கு மேல் தருகிறது. மனிதக் கண்மணி இருட்டில் இளமையில் 7 மி.மீ. அளவு விரியும், வயது ஏற ஏறக் குறையும். கண்ணால் வாங்கிக்கொள்ள முடியாத ஒளியைச் சுமப்பதில் என்ன லாபம்? 7 மடங்கில்கூட 4.7 மி.மீ. கிடைக்கிறது. இங்கே சட்டப்படி மான் சுடும் நேரம் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னிருந்து, மறைந்து அரைமணி பின்வரை. அந்தக் கடைசி நிமிடங்களில் நான் 4 மடங்கில் வைத்துப் பார்த்தபோது மானின் உருவம் தெளிவாகவே இருந்தது. மங்கியது குறுக்குக் கம்பிதான். லூப்போல்டு 1962-இல் கொண்டுவந்த டூப்ளெக்ஸ் அமைப்பில் ஓரங்கள் தடித்தும் நடு மெலிந்தும் இருக்கும். கருத்த ஹெம்லாக் பின்னணியில் அந்த மெல்லிய நடு கரைந்துபோகிறது. தடித்த ஓரங்களை வைத்தே நடுவைக் கணிக்க வேண்டும். ஒளியூட்டிய புள்ளி கொண்ட ஸ்கோப்பில் இந்தச் சிரமம் இல்லை, ஆனால் பேட்டரியும் எடையும் விலையும் கூடும். கம்பி கொஞ்சம் மங்கினாலும் அந்தச் சுமைகள் இல்லாத பேரமே எனக்குச் சம்மதம்.

இதே வரிசையில் 1.5-4×20 சுமார் 272 கிராம்தான். மார்லின் 336 போன்ற லீவர் துப்பாக்கியோடு புதருக்குள்ளேயே திரிபவருக்கு அது போதும். கொல்லை ஓரத்தில் 150 கஜத்தைத் தாண்டும்போது 4 மடங்கு எனக்குக் குறைவாகப் பட்டது. 3-9×40, 2-7ஐவிட வெறும் 30 கிராம் சொச்சம்தான் அதிகம். அந்த எடைக்காக யாரும் களைத்துப்போகப் போவதில்லை. என் தயக்கம் அதன் அடி எண் 3 என்பதில்தான். வயல் பக்கமே உட்கார்ந்திருப்பவர் தாராளமாக அதை வாங்கலாம்.

ஜீரோ செய்வதை, அதாவது குண்டு விழும் இடத்தைக் குறியோடு பொருத்துவதை, எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி சுமார் 8 அங்குல வட்டம். 7 மி.மீ.-08 தோட்டாவில் 140 கிரெயின் குண்டை 100 கஜத்தில் 2 அங்குலம் மேலே விழுமாறு வைத்தால், 200 கஜத்தில் ஏறக்குறையக் குறியிலேயே விழும். இடையில் எங்கே நின்றாலும் அந்த வட்டத்தின் நடுவில் குறிவைத்தால் போதும். தூரத்துக்குத் தூரம் குறியை மாற்றத் திருகிக்கொண்டிருக்கும் உயரமான குமிழ்கள் எதற்கு? இந்த ஸ்கோப்பின் குமிழ்கள் மூடிக்குள் இருக்கின்றன. ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலம். சுடுதளத்தில் வேண்டுமென்றே மேலும் பக்கமுமாகத் திருகி, திரும்பப் பழைய எண்ணுக்குக் கொண்டுவந்தேன். குண்டு பழைய ஓட்டைகளின் பக்கத்திலேயே விழுந்தது.

கண்ணாடியில் ஈரம் மூடுவது பற்றி ஒரு வார்த்தை. 1940களில் மார்கஸ் லூப்போல்டு மானைக் குறிவைத்தபோது ஸ்கோப்புக்குள் ஈரம் மூடி மான் தப்பியது, அதனால்தான் நிறுவனம் ஸ்கோப் செய்ய இறங்கியது என்பது அவர்கள் சொல்லிவரும் வரலாறு. முதல் ஸ்கோப்பான பிளெயின்ஸ்மன் 1947-இல் வந்தது. இன்று குழலுக்குள் வாயு நிரப்பி அடைப்பதால் உள்ளே ஈரம் படிவதில்லை. வெளிக்கண்ணாடிக்கு அந்தக் காவல் கிடையாது. பரணில் குளிரில் உட்கார்ந்து மூச்சை அதன் மேல் விட்டால் எந்த ஸ்கோப்பும் மூடிக்கொள்ளும். துப்பாக்கியை உயர்த்தும்போது மூக்கால் விடும் மூச்சைக்கூட நிறுத்திப் பழகுங்கள்.

ஸ்கோப் வழியாக எதையும் தேடாதீர்கள். ஸ்கோப் பார்க்கும் இடத்தையே துப்பாக்கிக் குழாயும் பார்க்கிறது; புதருக்குள் அசைவது மனிதராக இருக்கலாம். இதற்காகத்தான் வேட்டைக்காரர் தலையிலும் மார்பிலும் முதுகிலுமாக 250 சதுர அங்குல ஒளிர் ஆரஞ்சு அணிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தேட ஒரு சிறிய பைனாகுலர் கழுத்தில் கிடக்கட்டும். ஸ்கோப்பில் மிச்சம் பிடித்த எடையை அதற்குக் கொடுங்கள்.

பூட்டும்போது, நவம்பரில் போடப்போகும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே தோளில் வைத்து அளவு பாருங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே சுமார் 4 அங்குலம் இருக்க வேண்டும். இலேசான துப்பாக்கி பலமாக உதைக்கும், அந்த இடைவெளி குறைந்தால் புருவம் கிழியும். 7 மடங்கில் வைத்துத் தூரத்தைச் சரிசெய்து, பிறகு 2க்குக் கொண்டுவந்து பாருங்கள். இரண்டிலும் விளிம்பில் கருநிழல் இல்லாமல் முழு வட்டம் தெரிந்தால் திருகாணிகளை இறுக்கலாம்.