கொக்கியும் தாழ்ப்பாளும்

பொதுக் கழிப்பறைக்குள் நுழையும் பெண் முதலில் தேடுவது தாழ்ப்பாளை. அடுத்தது, கைப்பையை மாட்ட ஒரு கொக்கி. பல இடங்களில் இரண்டுமே இருக்காது. பையைக் கழுத்தில் தொங்கவிட்டு, புடவையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்து, மறு கையால் கதவைத் தள்ளிப் பிடிக்கும் சர்க்கஸ் நம்மில் பலருக்குப் பழக்கம். தென்மாவட்டப் பேருந்து நிலையம் ஒன்றில் சுவரில் ‘கட்டணமில்லாக் கழிப்பிடம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் பத்து ரூபாய் கேட்டார். சில்லறை இல்லை என்றேன். “ஜிபே இருக்கில்ல?” என்றார்.

இந்த அவஸ்தையைத் தீர்ப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் கடந்த பத்தாண்டுகளில் இந்திய நகரங்களில் சிலர் உண்டு. அதிகம் பேசப்பட்டது புனேயின் ‘தீ’. மராத்தியில் ‘அவள்’ என்று பொருள். இடம்விட்டு இடம் கொண்டுபோகும் கழிப்பறைகளை வாடகைக்கு விட்டுவந்த நிறுவனத்தின் ராஜீவ் கேரும் உல்கா சதால்கரும் 2016-இல் மாநகராட்சியோடு சேர்ந்து, ஓடி ஓய்ந்த நகரப் பேருந்துகளைப் பெண்களுக்கான கழிப்பறைகளாக மாற்றினார்கள். உள்ளே இந்திய முறை, மேற்கத்திய முறை இரண்டும் உண்டு. கைகழுவத் தொட்டி, குழந்தைக்கு உடை மாற்ற ஒரு பலகை, நாப்கின், கூரையில் சூரியத் தகடு எல்லாம் இருந்தன. கட்டணம் ஐந்து ரூபாய்.

எல்லோரும் பேருந்தைப் படம் பிடித்துப் போட்டார்கள். எனக்கு அதில் பெரிய விஷயமாகப் படுவது வாசலில் உட்கார்ந்திருந்த பணிப்பெண்தான். உள்ளே போய் வருபவருக்குப் பின்னால் ஒரு முறை துடைத்துவிடவும், வெளியே சும்மா நிற்கும் ஆளை முறைத்து அனுப்பவும் ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் பெண்கள் படியேறினார்கள். நம் ஊர்க் கழிப்பறை ஒப்பந்தங்களில் செங்கல்லுக்கும் டைல்ஸுக்கும் கணக்கு இருக்கும். இந்த நாற்காலிக்கு இருக்காது.

பேருந்தைத் தேர்ந்ததில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. நெரிசலான நகரத்தில் கழிப்பறை கட்ட இடம் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் முதல் கோயில் நிர்வாகம் வரை எதிர்ப்பார்கள். பேருந்தை நிறுத்தினால் போதும். ஒத்துவராவிட்டால் நகர்த்திக்கொள்ளலாம். பெங்களூரு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்திலும் 2020-இல் ஒரு பழைய பேருந்தை இப்படி மாற்றினார்கள். செலவு 12 லட்சம் ரூபாய். அதைக் கொடுத்தது விமான நிலைய நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி.

ஆனால் ஐந்து ரூபாய்க் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. ஒரு பேருந்துக்கு நாளுக்கு 200 பெண்கள் வருகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 30,000 ரூபாய். இரண்டு ஷிஃப்டுக்குச் சம்பளம், தண்ணீர், மின்சாரம், ஃபினாயில், கழிவை உறிஞ்சும் லாரி எல்லாம் போனால் மிச்சம் என்ன? விளம்பரப் பலகை வேண்டும், அல்லது யாராவது ஒரு கம்பெனியின் நன்கொடை வேண்டும். விளம்பரம் தருபவர் கார்கள் போகும் சாலையைக் கேட்பார். காய்கறிச் சந்தையின் பின்வாசலைக் கேட்க மாட்டார். ஆக, எந்தப் பெண்ணுக்கு அவசரம் என்பதை விளம்பரதாரர் தீர்மானிக்கிறார். பெருந்தொற்றுக்குப் பின் ‘தீ’ பேருந்துகள் சில பூட்டிக் கிடந்ததாகச் செய்திகள் வந்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை.

ஐந்து ரூபாயும் எல்லோருக்கும் ஒன்றல்ல. பூக்காரம்மா ஒரு நாளில் நான்கு முறை போனால் இருபது ரூபாய். பக்கத்தில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசு இல்லை. மும்பையில் 2011-இல் பெண்கள் தொடங்கிய இயக்கத்தின் கேள்வியே இதுதான்: ஆணுக்கு இலவசம், பெண்ணுக்கு மட்டும் ஏன் கட்டணம்? இந்தக் கேள்விக்கு ஸ்டார்ட்-அப்களிடம் பதில் இல்லை, ஒன்றைத் தவிர. ஹைதராபாத்தின் ‘லூகஃபே’ கழிப்பறையை இலவசமாக விட்டு, ஒட்டியிருக்கும் தேநீர்க்கடையின் வருமானத்தில் அதைப் பராமரிக்கப் பார்க்கிறது. கட்டணம் வாங்குவதைவிட நேர்மையான யோசனை. ஆனால் இங்கும் கடை ஓடும் இடத்தில்தான் கழிப்பறை வரும். கடை வாசலில் சிகரெட்டோடு நிற்கும் கூட்டத்தைத் தாண்டிப் போகப் பெண்கள் எவ்வளவு தயங்குவார்கள் என்பதை அவரவர் அனுபவத்திலிருந்து யோசிக்கலாம்.

இயந்திரத்தை நம்பிப் போனவர்கள் கதை இன்னும் மோசம். காசு போட்டால் கதவு திறக்கும், விளக்கு எரியும், தரை தானே கழுவிக்கொள்ளும் என்ற திருவனந்தபுரத்து ‘இ-டாய்லெட்’ சென்னைக்கும் வந்தது. காசு போடும் துளை அடைத்துக்கொண்டால் ரிப்பேர் பார்க்க ஆள் இல்லை. தவிர, தானே திறக்கும் கதவை நம்பி எந்தப் பெண் உள்ளே போவாள்? பாதியில் திறந்துவிட்டால்? கேரளத்தில் பெண்களுக்கென்றே வைத்த ‘ஷீ டாய்லெட்’களில் பலவும் இப்படிப் பழுதாகிப் பெட்டிகளாக நின்றன. பணிப்பெண்ணின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் போய் முதலுக்கே மோசம்.

தொழில்முனைவோர் கண்ணில் படாத இன்னொரு கூட்டமும் உண்டு: கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த்தெருவின் கடைகளில் கழிப்பறை இல்லாமல், தண்ணீரே குடிக்காமல் பொழுதை ஓட்டியவர்களைத் திரட்டி, தையல்காரரான விஜி ‘பெண்கூட்டு’ அமைப்பைத் தொடங்கினார். கழிப்பறைக் கோரிக்கையில் தொடங்கியது, உட்காரும் உரிமைக்கான போராட்டமாக வளர்ந்தது. அந்த உரிமைக்காகக் கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் சட்டத்தைத் திருத்தின. அந்தத் தெருவுக்கு எந்த ஸ்டார்ட்-அப்பும் உதவியிருக்காது. முதலாளிக்குக் கட்டளையிட ஒரு சட்டம்தான் வேண்டியிருந்தது.

அதற்காகத் தனியாரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாநகராட்சி மட்டுமே நடத்திய கழிப்பறைகளின் வாடை நமக்குத் தெரியும். கொக்கி, நாப்கின், பணிப்பெண் என்று பெண்ணின் உடலை நினைத்து வடிவமைக்கத் தெரிந்தவர்கள் இந்த ஸ்டார்ட்-அப்காரர்கள்தான். அவர்கள் நடத்தட்டும், காசை மாநகராட்சி கொடுக்கட்டும். வாசலில் வசூல் வேண்டாம். சுத்தமாகத் திறந்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் பணம், பூட்டிய நாளுக்குப் பிடித்தம் என்று ஒப்பந்தம் போட்டால், சந்தையின் பின்வாசலுக்கும் ஒரு பேருந்து வரும்.

அடுத்த முறை உங்கள் வார்டு கவுன்சிலர் புதிய கழிப்பறைக்கு ரிப்பன் வெட்ட வந்தால், இரவு ஒன்பது மணிக்கு இதன் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டு வையுங்கள்.